புரோநோட்டைக் கிழித்தாலும் டிக்ரி கிழியாது

கைமாற்றுக் கடனில் நமக்குப் பழகிப்போன சடங்கு ஒன்று உண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் புரோநோட்டை வாங்கி, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் போட்ட கையெழுத்தோடு சேர்த்துக் கிழித்துவிடுவோம். கணக்கு முடிந்தது. பாதிப் பணம்தான் கொடுத்தோம் என்றால் நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போடுவோம். மூன்று வருஷம் வரவும் வைக்காமல் வழக்கும் போடாமல் விட்டால் நோட்டு காலாவதி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட இந்த மூன்று விதிகளும் அத்துப்படி.

ஆனால் அந்த நோட்டை வைத்து ஒருவர் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கிவிட்டால், இந்த மூன்றில் ஒன்றும் செல்லாது. நோட்டின் கதை அங்கே முடிந்துவிடும். அதன் இடத்தில் டிக்ரி, அதாவது இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற கோர்ட் ஆணை, வந்து உட்காரும். அதற்கு வேறு ஆயுள், வேறு வட்டி, அடைப்பதற்கும் வேறு முறை. பழைய டிக்ரியில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்கள் செய்யும் தவறுகளைப் பார்த்தால், பெரும்பாலானவை டிக்ரியைப் புரோநோட்டு போலவே நினைத்து நடந்துகொண்டதால் வந்தவை.

பழைய டிக்ரி எப்படி வெளியே வருகிறது? வீட்டை விற்கலாம் என்று வில்லங்கச் சான்று போட்டால் அதில் 'ஜப்தி' என்று ஒரு வரி இருக்கும். அல்லது வேலை பார்க்கும் அலுவலகத்துக்குச் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு வரும். இரண்டும் இல்லாவிட்டால் ஒரு நாள் காலையில் கோர்ட் ஊழியரான அமீனாவே வாசலில் நிற்பார். 'வழக்கு நடந்ததே எனக்குத் தெரியாது' என்பார்கள். பல நேரம் அது உண்மைதான். நோட்டில் எழுதிய முகவரியில் ஆள் இல்லை, சம்மன் திரும்பிப் போயிருக்கும், கதவில் ஒட்டியிருப்பார்கள், கடைசியில் நாளிதழில் விளம்பரம் கொடுத்திருப்பார்கள். உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அந்த விளம்பரத்தை யார் படிக்கிறார்கள்? குறித்த நாளில் பிரதிவாதி வரவில்லை என்று எக்ஸ்பார்ட்டி ஆக்கி, ஒருதலைப்பட்சமாக டிக்ரி கொடுத்திருப்பார்கள்.

இப்படி வந்த டிக்ரியை ரத்து செய்யக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 13-இல் வழி இருக்கிறது. கெடு 30 நாள். டிக்ரி தேதியிலிருந்து எண்ண வேண்டும்; சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து. இங்கே பலரும் கவனிக்காத ஒரு வரி காலவரையறைச் சட்டத்தின் 123-ஆம் இனத்தில் இருக்கிறது. பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்று வழியில் சார்வு செய்த, அதாவது சேர்ப்பித்த சம்மன், இந்த 30 நாள் கணக்கைப் பொறுத்தவரை முறையான சார்வு ஆகாது என்று விளக்கமாகவே சொல்லியிருக்கிறார்கள். அதாவது விளம்பரத்தை நம்பி எக்ஸ்பார்ட்டி ஆக்கிய வழக்கில், உங்களுக்கு எப்போது தெரிய வந்ததோ அன்றிலிருந்துதான் எண்ணிக்கை. அதையும் தாண்டிப் போயிருந்தால் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்க மனுப் போடலாம். செலவுத் தொகை கட்டு, டிக்ரி தொகையில் ஒரு பகுதியை டெபாசிட் செய் என்று நிபந்தனை வரலாம்.

ஆனால் ரத்து மனுப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். டிக்ரி ரத்தானால் வழக்கு தொலைந்துவிடாது, பழைய இடத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான். பணம் வாங்கியது உண்மை, திருப்பிக் கொடுக்காததும் உண்மை என்றால், இரண்டு மூன்று வருஷம் நடந்து, அதற்கும் வட்டி சேர்ந்து, புதிதாக ஒரு டிக்ரி வரும். அதன் பன்னிரண்டு வருஷ ஆயுள் அன்றைக்குப் புதிதாகத் தொடங்கும். கையெழுத்தே என்னுடையது இல்லை, பணத்தை ஏற்கெனவே வங்கி மூலம் கட்டிவிட்டேன், நான் ஜாமீன் போட்டவனே இல்லை என்று சொல்வதற்கு உண்மையான விஷயம் இருந்தால் ரத்து மனு வேண்டும். வெறும் அவகாசம் வாங்க அதைப் பயன்படுத்துவது, என் கணக்கில், கடனாளி தன் காசில் தனக்கே புதிய டிக்ரி வாங்கிக்கொள்வதுதான்.

ஆகவே முதல் வேலை காகிதத்தைப் பார்ப்பது. பணம் கட்டுவதா, ஓடி ஒளிவதா என்பதெல்லாம் அப்புறம். இ-கோர்ட்ஸ் தளத்திலும் அதன் செயலியிலும் மாவட்டம், நீதிமன்றம், பெயர் கொடுத்துத் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் உண்டு; அது கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். ரொம்பப் பழைய வழக்கு அங்கே இல்லாமல் போகலாம். அப்போது ஓ.எஸ். எண்ணை, அதாவது மூல வழக்கின் எண்ணைப் பிடித்து நீதிமன்றத்தில் நகல் மனுப் போட வேண்டும். தீர்ப்பின் நகல் ஒன்று, டிக்ரியின் நகல் ஒன்று, நிறைவேற்று மனு ஏதாவது போட்டிருந்தால் அதன் நகல். இந்த நிறைவேற்று மனுவைத்தான் கோர்ட் வளாகத்தில் எல்லோரும் இ.பி. என்பார்கள். அதில் டிக்ரி தொகை, வட்டி, செலவு, இதுவரை வந்த பணம் எல்லாம் கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். எதிர்த்தரப்பு போன் செய்து சொல்லும் தொகைக்கும் அந்தக் கட்டத்தில் இருக்கும் தொகைக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

மூன்றல்ல, பன்னிரண்டு

'மூணு வருஷம் ஆயிடுச்சே, இனி என்ன செய்வாங்க?' என்பது புரோநோட்டுப் பழக்கம். டிக்ரியின் ஆயுள் 12 வருஷம். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 136-ஆம் இனம் அப்படிச் சொல்கிறது. இந்த 'மூணு வருஷ' நம்பிக்கைக்கு ஒரு பழைய வேரும் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் டிக்ரியை நிறைவேற்ற மூன்று வருஷம்தான் கெடு. அதற்குள் ஒரு மனுவாவது போட்டால் அந்த மூன்று மறுபடி தொடங்கும். இப்படியே அதிகபட்சம் 12 வருஷம் வரை இழுக்கலாம். டிக்ரியை உயிரோடு வைத்திருக்க மட்டும் மனுப் போட்டுக்கொண்டே இருந்த காலம் அது. 1963 சட்டம் அதையெல்லாம் துடைத்துவிட்டு நேராக 12 என்று வைத்தது.

எண்ணத் தொடங்குவது தீர்ப்புத் தேதியிலிருந்து. நகல் எப்போது வாங்கினார்கள் என்பது கணக்கில் வராது. மேல்முறையீடு நடந்து அங்கேயும் டிக்ரி வந்திருந்தால், அந்த மேல் டிக்ரியின் தேதியிலிருந்து. நடுவில் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டிருந்தால் அந்தக் காலம் கணக்கிலிருந்து கழியும். தவணையாகக் கட்டச் சொன்ன டிக்ரி என்றால், எந்தத் தவணை தவறியதோ அதற்கு அன்றிலிருந்து. கடனாளி மோசடியாலோ பலவந்தத்தாலோ நிறைவேற்றத்தைத் தடுத்திருந்தால் நீதிமன்றம் காலத்தை நீட்டிக் கொடுக்கலாம். இவை போதாதென்று கொரோனா வேறு. 15.3.2020 முதல் 28.2.2022 வரையான காலத்தைக் காலவரையறைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம்! அந்தக் காலத்தைக் கடந்து வந்த டிக்ரியைக் காலண்டரை மட்டும் பார்த்து 'செத்தது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வக்கீலிடம் கொடுத்துத் தேதி தேதியாக எண்ணச் சொல்ல வேண்டிய இடம் இது.

இன்னொன்று. பன்னிரண்டு வருஷத்துக்குள் இ.பி. போட வேண்டும் என்பதுதான் விதி. அதற்குள் வசூல் முடிய வேண்டும் என்பதல்ல. பதினோராவது வருஷம் போட்ட இ.பி. பதினெட்டாவது வருஷமும் நடக்கலாம். ஒரு இ.பி. தள்ளுபடியானாலும் கெடுவுக்குள் இன்னொன்று போடலாம். புள்ளிவிவரக் கணக்குக்காக 'மூடியது' என்று எழுதி வைத்த இ.பி.யைத் திரும்ப உயிர்ப்பிக்கவும் முடியும். 'அந்த இ.பி. அப்பவே முடிஞ்சு போச்சு' என்று யாராவது சொன்னால், தள்ளுபடியா, திரும்பப் பெற்றதா, சும்மா மூடியதா என்று உத்தரவைப் படித்துத்தான் நம்ப வேண்டும்.

மறுபக்கம், கெடு முடிந்தால் முடிந்ததுதான். டிக்ரி நிறைவேற்றம் பற்றிய ஆணை 21-இன் கீழ் வரும் மனுக்களுக்கு, முன்னால் சொன்ன 5-ஆம் பிரிவின் தாமத மன்னிப்பு கிடையாது. ஒரு நாள் தாண்டினாலும் இ.பி. நிற்காது. கடனாளி வந்து வாதாடாவிட்டாலும் நீதிமன்றமே அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும். ஆனாலும் கடன் என்ற உரிமை அழிந்துவிடுவதில்லை, கோர்ட் மூலம் வசூலிக்கும் வழிதான் மூடுகிறது. கெடு தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டால் கிடைக்காது.

இப்போது வரவு வைக்கும் பழக்கத்துக்கு வருவோம். புரோநோட்டில் கெடுவுக்குள் நூறு ரூபாய் கொடுத்து வரவு எழுதினாலும் மூன்று வருஷம் புதிதாகத் தொடங்கும். டிக்ரியில் அப்படி இல்லை. காலவரையறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பகுதிப் பணம் கட்டினால் கெடு நீளும் என்று சொல்லிவிட்டு, அதன் விளக்கத்தில் 'கடன்' என்பதில் நீதிமன்ற டிக்ரியின் கீழ் கட்ட வேண்டிய பணம் அடங்காது என்கிறது. ஆகவே டிக்ரியில் ஐயாயிரம் கட்டினால் பன்னிரண்டு வருஷம் மறுபடி முதலிலிருந்து ஓடாது. 'கொஞ்சம் கட்டினால் உயிர் வந்துவிடும்' என்று பயந்து எதுவும் கட்டாமல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. டிக்ரி வாங்கியவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 'மாசம் கொஞ்சம் கொடுத்துக்கிட்டுதானே இருக்கார்' என்று நம்பி இ.பி. போடாமல் விட்டுக் கெடுவைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

உண்மையான பொறி வேறு இடத்தில் இருக்கிறது. 'கோர்ட் கேஸ் எல்லாம் எதுக்கு, புதுசா ஒரு நோட்டு எழுதிக் கொடு, பழசை விட்டுடறேன்' என்பார்கள். காலாவதியான கடனுக்குக்கூட எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வாக்குறுதி செல்லும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு. புது நோட்டு எழுதினால் புது ஒப்பந்தம், புது மூன்று வருஷம். பழைய டிக்ரியோ கோர்ட் பதிவேட்டில் அப்படியே இருக்கும். ஒரே கடனுக்கு இரண்டு காகிதம் எதிராளி கையில். புது நோட்டு எழுதத்தான் வேண்டும் என்றால், பழைய டிக்ரி தீர்ந்தது என்று கோர்ட்டில் முதலில் பதிவாகட்டும்.

கட்டிய பணம் கணக்கில் வராத கதை

இந்த விஷயத்திலேயே ஆகப் பெரிய குழி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2014-இல் இவர் மேல் ஒரு டிக்ரி. அசல் 2 லட்சம். 2017-இல் டிக்ரி வாங்கியவரும் இவரும் ஊர்ப் பெரியவர் முன்னால் உட்கார்ந்து பேசி, இரண்டே கால் லட்சத்துக்கு முடித்துக்கொண்டார்கள். பணம் ரொக்கமாகக் கை மாறியது. பழைய புரோநோட்டின் ஜெராக்ஸ் ஒன்றைக் கிழித்தும் போட்டார்கள். எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பெரியவர் காலமானார், டிக்ரி வாங்கியவரும் காலமானார். 2024-இல் அவர் மகன் பீரோவில் டிக்ரி நகலைப் பார்த்துவிட்டு இ.பி. போடுகிறார்.

மகன் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. கடனாளி 'நான் கட்டிவிட்டேன்' என்கிறார். அதுவும் பொய் இல்லை. ஆனால் ஆணை 21, விதி 2 சொல்வது இது: கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணம் கோர்ட்டில் பதிவாகாவிட்டால், டிக்ரியை நிறைவேற்றும் எந்த நீதிமன்றமும் அதைக் கண்டுகொள்ளக் கூடாது. 'கண்டுகொள்ளக் கூடாது' என்றால், நீதிபதிக்கு நம்பத் தோன்றினாலும் நம்ப முடியாது. பதிவு செய்யச் சொல்லிக் கடனாளி மனுப் போட காலவரையறைச் சட்டத்தின் 125-ஆம் இனம் தரும் கெடு, பணம் கொடுத்த நாளிலிருந்து வெறும் 30 நாள். 1976 திருத்தத்துக்குப் பிறகு வாய்ச் சாட்சியும் போதாது. வங்கி, மணியார்டர் போன்ற வழியில் கட்டியிருக்க வேண்டும், அல்லது எழுத்துச் சான்று இருக்க வேண்டும், அல்லது டிக்ரி வாங்கியவரே ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஆளிடம் மூன்றும் இல்லை.

சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று கேட்கலாம். ஒவ்வொரு இ.பி.யிலும் 'கட்டிவிட்டேன்' என்று ஒரு கதை வந்தால், டிக்ரிக்குப் பிறகு இன்னொரு முழு வழக்கு நடத்த வேண்டியிருக்கும் என்பதுதான் அதன் பதில். நியாயம் புரிகிறது. ஆனால் வாய்வார்த்தையில் நடக்கும் ஊரில் இந்த விதி எளிய ஆட்களைத்தான் அதிகம் கடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே பேசி முடித்தால் இப்படி முடிக்க வேண்டும். பணம் வங்கி வழியாகப் போகட்டும். அல்லது கோர்ட்டிலேயே டெபாசிட் செய்து டிக்ரி வாங்கியவருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் சேர்ந்த நாளோடு கட்டிய தொகைக்கு வட்டி நிற்கும். இ.பி. நடந்துகொண்டிருந்தால் அதிலேயே 'டிக்ரி தொகை முழுவதும் வரப்பெற்றேன்' என்று டிக்ரி வாங்கியவர் தரப்பு எழுதிக் கொடுத்து, நீதிமன்றம் முழுத் திருப்தி, அதாவது டிக்ரி முழுவதும் தீர்ந்தது என்று பதிவு செய்ய வேண்டும். இ.பி. இல்லாவிட்டாலும் டிக்ரி கொடுத்த நீதிமன்றத்தில் பதிவு செய்யலாம். அந்த உத்தரவின் சான்றிட்ட நகல் கையில் வரும் வரை விஷயம் முடியவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 'வக்கீல் பார்த்துப்பார்' என்று எழுந்து வந்துவிடக் கூடாது.

எவ்வளவு கட்டுவது என்பதிலும் புரோநோட்டுப் பழக்கம் குறுக்கே வரும். நோட்டில் 'மாதம் நூற்றுக்கு இரண்டு' என்று எழுதியிருக்கலாம். டிக்ரிக்குப் பிறகு அது அப்படியே ஓடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி சாதாரணக் கடனில், தீர்ப்புக்குப் பிறகான வட்டி ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதுவும் அசல் தொகைக்கு மட்டும். வணிகக் கொடுக்கல் வாங்கல் என்றால் ஒப்பந்த வட்டி வரை நீதிமன்றம் கொடுக்கலாம். வங்கி டிக்ரிகளில் இதைப் பார்க்கலாம். அடமான டிக்ரிக்குத் தனி விதிகள். மேலே சொன்ன 2 லட்சத்துக்கு 6 சதவீதம் என்றால் வருஷம் 12,000. பத்து வருஷத்துக்கு 1,20,000. அதோடு தீர்ப்பு வரையிலான வட்டி, கோர்ட் செலவு. வட்டிக்கு வட்டி போட்டு ஏழு, எட்டு லட்சம் என்று யாராவது சொன்னால், டிக்ரியில் எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் டிக்ரியிலேயே எழுதியிருக்கும் வட்டி அநியாயம் என்று இ.பி.யில் வாதாட முடியாது. நிறைவேற்றும் நீதிமன்றம் டிக்ரிக்குப் பின்னால் போகாது. கந்து வட்டி என்ற வாதத்துக்கு இடம் வழக்கு நடந்தபோதும் மேல்முறையீட்டிலும்தான்.

அமீனா எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது

டிக்ரி தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து இ.பி. போட்டால், முதலில் கடனாளிக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆக, பழைய டிக்ரியில் எடுத்த எடுப்பில் ஜப்தி வராது; அந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதுதான் ஆபத்து. வட்டிக் கணக்கு, காலாவதி, ஏற்கெனவே பதிவான வரவு எல்லாவற்றையும் சொல்லும் இடம் அந்த முதல் வாய்தா. இதற்கெல்லாம் தனி வழக்குப் போட வேண்டாம், போடவும் முடியாது. அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி அதே நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

ஜப்திக்கு எல்லை உண்டு. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் உழவுச் சாமான்கள், விவசாயி குடியிருக்கும் வீடு, தொழிலாளியின் கூலி, அரசு ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பணம் எல்லாம் 60-ஆம் பிரிவின் பாதுகாப்பில் இருக்கின்றன. 'எதை வேண்டுமானாலும் ஜப்தி செய்துகொள்ளலாம்' என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தாலும் அந்த எழுத்து செல்லாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. ஜப்திக் கணக்கில் வரும் சம்பளம் 25,000 என்றால் 17,000 தப்பும், 8,000 வரை பிடிக்கலாம். மொத்தம் 24 மாதம் பிடித்த பிறகு அதே டிக்ரிக்கு அந்தச் சம்பளத்தை மறுபடி தொட முடியாது. 1,000 ரூபாய் என்ற அந்த எண் இன்றைய விலைவாசியில் சிரிப்பை வரவழைக்கிறது, ஆனால் சட்டத்தில் இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

நிலமோ வீடோ ஏலத்துக்கு வந்தால் கவனிக்க வேண்டியது, கடனுக்குத் தேவையான அளவுக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்பது. சின்னத் தொகைக்கு மொத்தச் சொத்தையும் ஏலம் விட்டால் அதைக் கேள்வி கேட்கலாம். ஏலம் முடிந்த பிறகும் 60 நாளுக்குள் டிக்ரி தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் கட்டினால் சொத்து திரும்பும்.

சிறை பற்றிய பயம்தான் மனுஷனைத் தூங்க விடாது. போலீஸுக்கு இங்கே வேலையே இல்லை. செக் மோசடி வழக்கு வேறு, இது வேறு. கடனாளியைக் கைது செய்யக் கேட்டு இ.பி. போடலாம் என்பது உண்மை. ஆனால் பணம் இல்லை என்பதற்காக மட்டும் உள்ளே போட முடியாது. 1980-இல் கொச்சின் வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதைத் தெளிவாக எழுதினார்: வசதி இருந்தும் கட்ட மறுக்கும் கெட்ட எண்ணம் வேண்டும், வறுமை குற்றமல்ல. வசதி இருக்கிறது என்று காட்ட வேண்டிய பொறுப்பு டிக்ரி வாங்கியவருடையது. டிக்ரி தொகை 2,000 வரை என்றால் சிறையே கிடையாது, 5,000 வரை ஆறு வாரம், அதற்கு மேல் அதிகபட்சம் மூன்று மாதம். பணக் கடனுக்குப் பெண்களைக் கைது செய்யவே கூடாது. கடனாளியின் சாப்பாட்டுப் படியை டிக்ரி வாங்கியவர்தான் கட்ட வேண்டும் என்பது இதில் ஒரு வேடிக்கை. வெளியே வந்தவரை அதே டிக்ரிக்கு மறுபடி பிடிக்க முடியாது. கடன் மட்டும் அப்படியே இருக்கும். சொத்துப் பட்டியலைப் பிரமாணப் பத்திரமாகக் கொடு என்று நீதிமன்றம் உத்தரவிட்டும் கொடுக்காமல் இருந்தால், அதற்காகத் தனியாக மூன்று மாதம் வரை சிறை வரலாம். ஒளிவதைவிடப் பட்டியலைக் கொடுப்பது மேல்.

அப்பா மேல் இருந்த டிக்ரி பிள்ளைகளிடம் வந்தால்? அப்பாவிடமிருந்து வந்த சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பொறுப்பு. பிள்ளையின் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது. அப்பாவின் கடனை அடைப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய இந்து சட்டக் கோட்பாட்டை வைத்து மகனிடம் வசூலித்த காலமும் இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு அது போய்விட்டது.

டிக்ரி வாங்கியவர் பக்கமும் அப்படி ஒன்றும் சொகுசு இல்லை. இந்தியாவில் வழக்காடுபவரின் கஷ்டம் டிக்ரி கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்று, வெள்ளைக்காரன் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1872-லேயே குறைப்பட்டது. ஆறு மாதத்துக்குள் இ.பி.யை முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. 2025-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பழைய வழக்கில், நாடு முழுவதும் தேங்கிய இ.பி.க்களின் கணக்கைக் கேட்டது. வந்த எண் 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கு மேல். அதனால்தான் பேச்சுவார்த்தைக்கு இரு தரப்புமே இறங்கி வருகிறார்கள். எதிர்த்தரப்பு சம்மதித்தால் டிக்ரிக்குப் பிறகும் தவணை கேட்டு உத்தரவு வாங்கலாம். நிலுவை இ.பி.யை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அங்கே எழுதும் சமரசம் டிக்ரிக்குச் சமம், ஆகவே கட்ட முடியாத தவணைக்குத் தலையாட்டக் கூடாது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு. எதுவுமே முடியாத நிலையில் 'மஞ்சள் கடுதாசி' என்று நாம் சொல்லும் திவால் மனு இருக்கிறது. வெளியூர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம், சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம். அது எல்லாச் சொத்தையும் கோர்ட் கையில் ஒப்படைக்கும் வழி என்பதால் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

முழுத் திருப்தி பதிவாகிவிட்டது என்றால், இன்னும் ஒரு சின்ன நடை பாக்கி. சொத்து ஜப்தியில் இருந்திருந்தால், ஜப்தியை நீக்கும் உத்தரவு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். சில வாரம் கழித்து வில்லங்கச் சான்று ஒன்று புதிதாகப் போட்டு, அந்த நீக்கம் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு மறுபடி கோர்ட் அலுவலகத்துக்குப் போக வேண்டியதுதான்.